ஆரணி மச்சானுக்கு: பெல்ட்டின் மேல் விமானம்

அன்புள்ள மச்சான்,

வள்ளிமலைக் காதுகுத்தில் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரத்தில் தொடங்கிய சண்டை இது. முடிவதற்குள் உன் அக்கா என்னை வேனில் ஏற்றிவிட்டாள். நாற்பது பேர் முன்னிலையில் என்னை மடக்கினாய். அதனால் பதிலையும் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

கல்லூரியில் படிக்கும் நம் பையன்தான் கேள்வியைக் கிளப்பிவிட்டான். ஓடுபாதைக்குப் பதிலாக ஒரு நீண்ட கன்வேயர் பெல்ட். அதன் மேல் ஒரு விமானம். விமானம் எந்த வேகத்தில் முன்னே போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னே ஓடும். விமானம் எழும்புமா?

"எழும்பாது" என்றாய். "என் மில்லில் மூட்டை ஏற்றும் பெல்ட்டில் எதிர்த்து நடந்து பாருங்கள் மாமா, நின்ற இடத்திலேயே நடக்க வேண்டியதுதான்." நான் எழும்பும் என்றேன். எப்படி என்று கேட்டாய். முன்னால் சுழலும் விசிறி இறக்கையின் மேல் காற்றை அடிக்கிறதே, அதுவே தூக்கிவிடும் என்றேன். "அப்படியானால் வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கு அத்தனை நிலம் எதற்கு? ஐம்பது அடி பெல்ட் போதுமே!" என்றாய். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

சிரித்ததில் தவறில்லை. நான் சொன்ன விடை சரி, சொன்ன காரணம் சுத்தப் பிசகு. இரண்டு வாரமாக மனத்தைக் குடைந்தது அதுதான்.

என் பிசகை முதலில் முடித்துவிடுகிறேன். விசிறி அடிக்கும் காற்று இறக்கையில் உடலை ஒட்டிய கொஞ்சப் பகுதியில்தான் படும். தூக்குவதற்கு இறக்கை முழுவதன் மேலும் காற்று வேகமாக ஓட வேண்டும். செஸ்னா 172 என்ற நான்கு பேர் விமானத்துக்கே மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் அது தேவை. நின்றுகொண்டே எந்தச் சாதாரண விமானமும் எழும்பாது. சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் சேர்த்த நம் அப்துல்லாபுரத்தில் பெல்ட் போட்டாலும் ஓர் அடி நிலம் மிச்சமாகாது. ஓடுபாதை எவ்வளவு நீளமோ பெல்ட்டும் அவ்வளவு நீளம் வேண்டும், ஏனென்றால் விமானம் அதன் மேல் அவ்வளவு தூரமும் ஓடத்தான் போகிறது.

எப்படி ஓடும் என்பதில்தான் நீ தடுக்கி விழுந்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. 34 ஆண்டுகள் ரயில் எஞ்சின் ஓட்டியவன் நான். சக்கரம் தரையைப் பிடித்தால்தான் வண்டி நகரும் என்பது என் எலும்பில் ஊறியது. ஜோலார்பேட்டையிலிருந்து பங்காருப்பேட்டை போகும் ஏற்றத்தில், மழைத் தூறலில் சரக்கு வண்டியோடு ஏறியிருக்கிறேன். தண்டவாளம் லேசாக நனைந்திருந்தால் போதும், சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் சுற்றும். எஞ்சினில் இருக்கிற பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் மணல் தூவுவோம். மணல் விழுந்ததும் சக்கரம் கடித்துக்கொள்ளும், வண்டி ஏறும். அவ்வளவு பெரிய எஞ்சின், அதன் வலிமை முழுவதும் சக்கரமும் தண்டவாளமும் தொடுகிற இடத்தில்தான் இருக்கிறது. உன் மில்லுக்கு நெல் கொண்டுவரும் லாரியும் அப்படித்தான். பெல்ட்டில் எதிர்த்து நடக்கும் ஆளின் காலும் அப்படித்தான். அவற்றின் காலடியை இழுத்துவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் என் எஞ்சினுக்குப் பின்னால் வரும் பெட்டியை யோசித்துப் பார். அதன் சக்கரத்துக்கு மோட்டார் கிடையாது. அது யாரையும் தள்ளுவதில்லை. பாரத்தைத் தாங்கிக்கொண்டு உருளுகிறது, அவ்வளவே. எஞ்சின் மட்டும் உறுதியான தண்டவாளத்தில் நிற்க, பெட்டியின் அடியில் இருக்கும் தண்டவாளத்தை மட்டும் யாரோ பின்னால் உருவுகிறார்கள் என்று வைத்துக்கொள். பெட்டி நின்றுவிடுமா? அதன் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும். பெட்டி எஞ்சினோடு வந்துகொண்டே இருக்கும்.

விமானம் எஞ்சின் இல்லை மச்சான், பெட்டி. அதை இழுக்கும் எஞ்சின் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விசிறியானாலும் ஜெட்டானாலும் காற்றைப் பின்னால் தள்ளி முன்னால் போகிறது. பெல்ட் பின்னால் ஓடுவது காற்றுக்கு எப்படித் தெரியும்? தரைக்கு மேலே விமானம் 100 கிலோமீட்டரில் போகும், பெல்ட் எதிரே 100 கிலோமீட்டரில் ஓடும், சக்கரம் மட்டும் 200 கிலோமீட்டரில் ஓடுவதுபோலச் சுற்றும். டயர் நசுங்குவதாலும் பேரிங் உரசுவதாலும் பின்னோக்கி ஒரு சின்ன இழுப்பு உண்டு. அது எந்த ஓடுபாதையிலும் உள்ளதுதான். வேகம் இரட்டித்ததற்காக மலைபோல் வளர்ந்துவிடாது.

இதைச் செய்தும் பார்த்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் அமெரிக்காவில் மித்பஸ்டர்ஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு குட்டி அல்ட்ராலைட் விமானத்தை நீண்ட தார்ப்பாயின் மேல் நிறுத்தினார்கள். தார்ப்பாயை ஒரு வண்டி எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு ஓடியது. விமானம் தார்ப்பாயின் மேல் முன்னேறி, எழும்பிப் பறந்தது.

நீ சும்மா இருக்க மாட்டாய். "பெல்ட் விமானத்தின் வேகத்துக்கு இல்லை, சக்கரத்தின் வேகத்துக்கு ஈடாக ஓடினால்?" என்பாய். பையன்களும் பாதிநேரம் இப்படி மாற்றித்தான் கேட்கிறார்கள். சக்கரத்தின் வேகம் என்பது விமானத்தின் வேகமும் பெல்ட்டின் வேகமும் சேர்ந்தது. சக்கரமும் பெல்ட்டும் சமம் என்று நீ கட்டளை போட்டுவிட்டால், விமானத்தின் வேகம் பூஜ்யம் என்றும் சேர்த்தே சொல்லிவிட்டாய். அது கேள்வியே இல்லை, விடையை மடியில் கட்டிக்கொண்டு வந்து விடுகதை போடுவது. விமானம் இம்மியளவு நகர்ந்தாலும் பெல்ட் அதைத் துரத்தி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சக்கரத்துக்கும் எடை இருப்பதால், அப்படி விடாமல் வேகம் கூட்டினால் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இழுப்பு விழலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்பே டயர் வெடித்திருக்கும்.

டயர் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தின் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்களே இங்கு வந்துபோயின, நீ அப்போது நம்பவில்லை. அங்கிருக்கும் பி-8ஐ என்ற கடற்படைக் கண்காணிப்பு விமானம், போயிங் 737 என்ற பயணிகள் ஜெட்டை அடிப்படையாகக் கொண்டது. அந்த வகை விமானம் எழும்பும் வேகம் 250 கிலோமீட்டரைத் தாண்டும். பெல்ட்டில் விட்டால் சக்கரம் 500-க்கு மேல் சுற்ற வேண்டும். பெரிய ஜெட் விமான டயர்களுக்கு வேக வரம்பு சுமார் 360 கிலோமீட்டர்தான். ஆகவே ராஜாளியில் பெல்ட் போட்டால் நீ ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது டயர் கம்பெனியின் தயவில் கிடைத்த ஜெயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு வருகிறேன். மூட்டை ஏற்றும் கன்வேயரை மட்டமாகத் தாழ்த்தி வை. பேத்தியின் நான்கு சக்கரப் பொம்மை வண்டியும் இரண்டு கஜம் நைலான் கயிறும் கொண்டுவருகிறேன். வண்டியைப் பெல்ட்டில் வைத்து, தரையில் நின்றபடி கயிற்றை மெல்ல இழுப்போம். ஒரு தடவை பெல்ட் நிற்கும்போது, ஒரு தடவை பெல்ட் எதிரே ஓடும்போது. கயிற்றின் நடுவில் ஒரு தொங்கு தராசு மாட்டினால் எவ்வளவு இழுக்கிறோம் என்று முள் காட்டும். இரண்டு தடவையும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும் என்பது என் பந்தயம். தோற்றவர் ஆம்பூர் பிரியாணி வாங்க வேண்டும்.

தராசை நீயே கொண்டு வா. என் தராசில் நின்றால் முள்ளிலும் குற்றம் கண்டுபிடிப்பாய்.

அன்புடன்,
அரக்கோணத்து மாமா