பருவ நிறைவுக் கடிதம்: மாலை நான்கு மணிக்குப் பிறகு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் குறித்த நாளில் நடந்தன, விடைத்தாள்களும் திருத்திக் கொடுத்தாயிற்று. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டும் சிறப்பாக அமைந்தன. வாசிப்பு நேரத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள். பரிசு பெற்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கலந்துகொண்ட எல்லாருக்கும் பாராட்டுகள்.

ஒரு பருவ உழைப்பை இப்படி நாலு வரியில் முடித்துவிட்டீர்களே என்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

பள்ளிக்கு அடுத்த வீட்டு மேஸ்திரி போன மாதம் காலமானது உங்களில் பலருக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. பிள்ளைகளுக்கு அவர் மேஸ்திரி தாத்தா, எங்களுக்கு மேஸ்திரி, அவ்வளவுதான். சின்ன வயதில் கல் எடுத்துக்கொடுக்கும் கையாளாக வேலைக்கு வந்து, கொத்தனாராகி, பிறகு சொந்தமாக ஆள் வைத்துக் கட்டடம் எடுத்துச் செய்தவர். நம் பள்ளியின் மேற்குப் பக்கத்து வகுப்பறைகளும் மாடிப்படியும் அவர் கட்டியவை.

அப்போது நான் இங்கே கணக்கு ஆசிரியை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் மேஸ்திரி மனையில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பை அழைத்துக்கொண்டு போய் வேடிக்கை பார்க்க நிறுத்தினேன். மூலையில் ஒரு முளை அடித்து, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறித்தார். குறுக்கே நாடாவைப் பிடித்து, "5 அடி வந்தா மூலை மட்டம் சரி, வரலைன்னா சுவரு கோணல்" என்றார். நீளமான சுவர் என்றால் 6, 8, 10 என்று பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், பிழை குறையும். நான் ஒரு வாரமாகக் கரும்பலகையில் மல்லுக்கட்டிய பிதாகரஸ் தேற்றம் அன்றைக்குப் பத்து நிமிடத்தில் எல்லார் தலையிலும் ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

மாடிப்படி கதையையும் சொல்லிவிடுகிறேன். படி பூசி முடித்த பிறகு ரசமட்டமும் அளவுகோலும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலிருந்து மூன்றாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். அதை உடைக்கச் சொல்லிவிட்டார். அரை அங்குலம்தானே, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று நான்தான் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாது டீச்சர், காலுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். ஏறுகிறவர் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைக் காலில் பிடித்துவைத்துக்கொள்கிறார், அதற்குமேல் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, ஒரே ஒரு படி மாறினாலும் இடறிவிடும் என்று விளக்கினார். உடைத்த கூலி, திரும்பக் கட்டிய கூலி இரண்டையும் அவரே ஏற்றுக்கொண்டார். அந்தப் படியில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் எப்படி ஓடி இறங்குகிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

தளம் போட்ட பிறகும் இப்படித்தான். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, விடுமுறை நாளிலும் தானே வந்து பார்த்துவிட்டுப் போவார். காய்ந்துவிட்டதே, எப்போது வகுப்பைத் தொடங்கலாம் என்று நாங்கள் நச்சரித்தோம். கான்கிரீட் காய்ந்து பலம் பெறுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் பலம் பெறுகிறது, கணக்குப் போட்ட பலம் வர 28 நாள் வேண்டும் என்று சொல்லி ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை.

அவருடைய இரண்டு மகள்களும் நம் பள்ளியில் படித்தவர்கள். அந்த வருடங்களில் அவர் வேலை நடக்கும் இடத்தில் ஒரு விதி உண்டு. மூன்றேகால் மணிக்கு மேல் புதுக் கலவை போடக் கூடாது. சிமென்டில் தண்ணீர் ஊற்றிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் இறுக ஆரம்பித்துவிடும். மூன்றே முக்காலுக்குக் கலவை போட்டுவிட்டு நான்கு மணிக்கு வாசலில் வந்து நிற்க முடியாது அல்லவா? அதனால் கடைசிக் கலவை மூன்றேகாலுக்கு. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, காலில் சாந்து காய்ந்தபடியே வந்து நிற்பார். மகள்களை வீட்டில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவார். வீடு கட்டக் கொடுத்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வரவு செலவு எழுதியது முழுக்க அவர் மனைவி. அந்த நேரக் கணக்கும் அந்த அம்மா போட்டுக்கொடுத்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

மகள்கள் படித்து முடித்து, கல்யாணம் ஆகிப் போய்விட்டார்கள். நான்கு மணிப் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மணி அடித்ததும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். சுவர் தாண்டி விழுந்த பந்துகளைத் திருப்பி எறிவார். அப்புறம், அழைத்துப்போக ஆள் வராத பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் வாசல் படியில் போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

இது எங்களுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. அவர் இறந்து பத்து நாள் கழித்து அவர் மனைவி ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஆட்களுக்கு நாள் கணக்கு எழுதும் நீள நோட்டு. முன்பக்கம் கூலிக் கணக்கு. திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால், காதில் செருகியிருப்பாரே, அந்தத் தட்டைப் பென்சிலால் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, போன நேரம், யாரோடு போனது என்று வரி வரியாக எழுதியிருக்கிறார். "4.50, அப்பா." "5.15, அக்கா, சைக்கிள்." "சித்தப்பான்னு சொன்னார். புதுசு. அம்மாகிட்ட போன்ல கேட்டு அனுப்பினேன்." ஒரு நாள், "6.10, அம்மா. அழுதுட்டா." அழுதது பிள்ளையா அம்மாவா என்று எழுதவில்லை.

பள்ளியில் இப்படி ஒரு நோட்டு இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்க வேண்டிய கணக்கை ஒரு மனிதர் சம்பளமில்லாமல், யாரும் கேட்காமல் வைத்திருந்தார். தவறு முதலில் என்னுடையது.

அவர் போன பிறகு நாங்கள் எண்ணத் தொடங்கினோம். முதல் வாரத்தில் நான்கேகாலுக்குப் பிறகு வாசலில் நின்ற பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒன்பது பேருக்குக் குறையவில்லை. வெள்ளிக்கிழமை பதினான்கு பேர். ஐந்தரை மணி வரை இருந்தவர்கள் உண்டு. இவர்களில் பெரும்பாலானோர் என்றோ ஒரு நாள் தாமதமானவர்கள் அல்ல, அதே பிள்ளைகள்தான் தினமும்.

இப்போது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். துக்கம் நடந்த மூன்றாம் நாள் ஒருவர் அந்த வீட்டு அழைப்புமணியை அடித்து, "இனிமே சாயங்காலம் யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார். யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த அம்மா அதை என்னிடம் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அது ஒரு வீடு. பள்ளியின் காத்திருப்பு அறை அல்ல. அந்த வாசல் படியில் இனி எந்தப் பிள்ளையையும் காத்திருக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். இரு சக்கர வண்டிகளை அவர்கள் கேட்டை மறைத்து நிறுத்தாதீர்கள்.

அடுத்த பருவத்திலிருந்து நான்கு மணிக்கு வகுப்பு முடியும், நான்கரை வரை ஓர் ஆசிரியர் வராந்தாவில் பிள்ளைகளோடு இருப்பார். அதற்குமேல் தாமதமானால் தொலைபேசியில் அழைப்போம். ஒரே மாதத்தில் மூன்று முறை இப்படி அழைக்க நேர்ந்தால் நீங்கள் என்னை நேரில் வந்து பார்க்க வேண்டும், பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் போதாது. ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் யாருக்காகவோ வாசலில் நிற்கிறார்கள். இன்னொன்று, உங்கள் பிள்ளையை யார் யார் அழைத்துப்போகலாம் என்று எழுதித் தரும் படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பள்ளி திறக்கும் நாளிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் பெயர் இல்லாத யாருடனும், எவ்வளவு தெரிந்த முகமாக இருந்தாலும், அனுப்ப மாட்டோம்.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. நினைத்த நேரத்தில் விடுகிற வேலை எல்லாருக்கும் அமைவதில்லை. பேருந்து தாமதமாகும், மேலதிகாரி விடமாட்டார், இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். தினமும் நான்கரைக்கு வருவது முடியவே முடியாது என்கிற நிலை இருந்தால் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள். சொன்னால் வழி பண்ணலாம். சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. ஏற்கெனவே இரண்டு அம்மாக்கள் தங்கள் பிள்ளையோடு பக்கத்துத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போக முன்வந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஒரு தாத்தா வாரத்தில் இரண்டு நாள் வராந்தாவில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நேரத்துக்கு வந்து, சத்தமில்லாமல் பிள்ளையை அழைத்துப்போகிற பெரும்பாலான பெற்றோருக்கும் நன்றி. உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

மேஸ்திரி வீட்டம்மாவுக்குப் பள்ளியின் சார்பில் நன்றி சொல்லப் போயிருந்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் வெற்றாக இருக்கிறது, வீணாக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வராந்தாவில் இருக்கப்போகும் ஆசிரியர்கள் அதிலேயே தொடர்ந்து எழுதுவார்கள்.

விடுமுறை நாட்கள் நன்றாகக் கழியட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: பிள்ளைகள் அந்த வாசலில் விட்டுவிட்டுப் போன பொருட்களை ஒரு சாந்துச் சட்டியில் சேர்த்து வைத்திருந்து கொடுத்திருக்கிறார்கள். நீலக் குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் மூன்று, ஜியோமெட்ரி பாக்ஸ் ஒன்று, இடது கால் ஷூ ஒன்று. என் அறையில் இருக்கின்றன. நான்கரைக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.