சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோயில் அன்னதானம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, தீபாவளிப் பொட்டலம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. இந்த வருடம் நம் நேரத்தையும் பெட்ரோல் காசையும் அதிகம் கேட்டது, சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைகளின் எலும்புதான்.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜையில்தான் தொடங்குகிறது. அதற்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தும் எலும்பைப் பலவீனமாக்கும். உயிர் காக்கும் மருந்து, நாமாக நிறுத்தவே கூடாது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், நோயைக் கண்டுபிடித்த சமயத்திலேயே 100 பிள்ளைகளில் சுமார் 16 பேருக்கு முதுகெலும்பு நசுங்கியிருந்தது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதுகு வலிக்கிறது என்று சொல்லவே இல்லை.

மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் பள்ளிச் சபைகூடலில் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே இருந்தான். சோம்பல் என்றார்கள், அப்புறம் சுளுக்கு எடுக்கக் கூட்டிப் போகப் பார்த்தார்கள். நல்லவேளை, அம்மா மருத்துவரிடம் சொன்னார். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கம் அமுங்கியிருந்தது தெரிந்தது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு முதுகு வலித்தால் தயவுசெய்து யாரும் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் என்றதும் பயப்படுகிறார்கள். குகை மாதிரி எதுவும் இல்லை, ஊசியும் பெரும்பாலும் இல்லை. திறந்த மேசையில் சில நிமிடம் ஆடாமல் படுத்தால் போதும், கதிரியக்க அளவும் மிகக் குறைவு. உலோகம் மட்டும் கூடாது. பேத்தியின் வெள்ளி அரைஞாணைக் கழற்ற மனமில்லாத ஒரு பாட்டி, கடைசியில் அதைக் கைக்குட்டையில் முடிந்து, ஸ்கேன் முடியும்வரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முடிவு வந்ததும் இசட் ஸ்கோர் என்ன என்று கேளுங்கள். அது பிள்ளையின் எலும்பு அடர்த்தியை அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் எண், பெரியவர்களுக்குப் பார்க்கும் டி ஸ்கோர் இவர்களுக்குப் பொருந்தாது. உயரம் குறைந்த பிள்ளைக்கு எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம், அதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இடுப்போ முட்டியோ வலிக்கிறது என்று நொண்டினால் காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்தப் பகுதியே செத்துப்போவதுண்டு, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அதில் கதிரியக்கமே இல்லை, ஆனால் சத்தம் அதிகம் என்பதால் சின்னப் பிள்ளைகளைச் சில சமயம் தூங்க வைத்து எடுப்பார்கள்; அன்று வெறும் வயிற்றோடு போகச் சொன்னால் மைலோகூடக் கொடுக்கக் கூடாது.

பால், நெத்திலி, கேழ்வரகு நல்லதுதான், கால்சியம் மாத்திரை மட்டும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்கு, விடியற்காலையில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் கார் ஓட்டக்கூடியவர்கள் இன்னும் வேண்டும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்