நிழலை அளக்க மதுரையில் யார் தயார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுப் பள்ளியோடு கூட்டுத் திட்டம் என்றாலே இங்கே மொரிஷியஸில் ஜூமில் கையசைத்து, கொடி காட்டி, படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இல்லாமல் இந்தப் பக்கம் விடை வராத வேலை ஒன்று வேண்டாமா?

பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் மார்ச் 21 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை நடுங்கள். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது அல்ல, நிழல் மிகக் குட்டையாகும்போது அளக்க வேண்டும். எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸில் சுமார் 37 செ.மீ., தெற்கே விழும். மதுரையில் 17, 18 செ.மீ., அதுவும் வடக்கே! குச்சிக்கும் வெயில் கதிருக்கும் இடையிலான கோணத்தை நிழல் நீளத்திலிருந்து கண்டுபிடியுங்கள். நிழல்கள் எதிரெதிர்ப் பக்கம் விழுவதால் இரு ஊர்க் கோணங்களையும் கூட்டினால் ஏறக்குறைய 30 பாகை, வட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காகச் சுமார் 3,330 கி.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிட்டத்தட்ட வந்துவிடும். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் போட்ட அதே கணக்குதான்.

என் மாணவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். "உங்க நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்?" என்று தமிழில் கேட்டால்தான் கணக்கு நகரும். பள்ளியில் கேட்டேன்; பாடத்திட்டத்தில் இல்லையாம். நிழல் அளக்கவுமா பாடத்திட்டம்?

நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். மதுரைப் பக்கத்து ஆசிரியர் யாராவது முன்வந்தால், மார்ச் 21 போலவே பகலிரவு சமமாக இருக்கும் செப்டம்பர் 23க்கே பள்ளி நேரத்துக்கு வெளியே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.