ஹோய் ஆன் மக்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள ஹோய் ஆன் நண்பர்களுக்கு,

வணக்கம். ஐப்பசியில் வியட்நாமில் இருக்கும் உங்கள் ஊருக்குப் போனால் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வீர்கள் என்று இங்கே பலரும் எச்சரித்தார்கள். மாட்டிக்கொண்டோம். வயதான பெற்றோரோடு வந்த எங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட உங்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், து போன் ஆற்றங்கரைப் பழைய வீட்டுப் பெரியம்மாவுக்கு. தெருவில் தண்ணீர் ஏறியதும் எங்களை மாடிக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தீர்கள். கீழே வேலை அதற்குள் ஆரம்பமாகிவிட்டது. முன்னோர் படங்கள்தான் முதலில் மேலே வந்தன. பிறகு மாடித் தரையில் இருந்த மரச்சட்ட மூடியைத் தூக்கி, கயிற்றை இறக்கி, நாற்காலி, பெட்டி, துணிமூட்டை என்று ஒவ்வொன்றாக இழுத்தீர்கள். அந்தக் காலத்து வணிகர்கள் சரக்கு ஏற்றிய அதே வழி என்று உங்கள் பேரன் சொன்னான். யாரும் பதறவில்லை. சுவரில் 1964 வெள்ளத்தின் கோட்டைக் காட்டினீர்கள், என் தலைக்கு மேலே இருந்தது. அதைப் பார்த்த அப்பா அப்புறம் மாடியை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார்!

படகில் எங்களை விடுதியில் சேர்த்துவிட்டுப் பணம் வாங்காமல் போன தம்பிக்கும் நன்றி. அம்மாவின் செருப்பைக்கூட மறக்காமல் எடுத்து வந்தாயே.

தண்ணீர் வடிந்ததும் ஊரைச் சுற்றிக் காட்டிய மாணவிக்கும் கடன்பட்டிருக்கிறோம். சீனரும் ஜப்பானியரும் ஐரோப்பியரும் வந்துபோன உங்கள் ஊர்த் துறைமுகம், ஆறு மண்மேடிட்டதால் வணிகத்தைப் பக்கத்து நகரமான டா நாங்கிடம் இழந்த கதையை அவர்தான் சொன்னார். காசு போனதால்தான் யாரும் பழைய வீடுகளை இடித்துக் கட்டவில்லை போலும்.

உங்கள் ஊர்ப் பழைய ஜப்பானியப் பாலத்தைப் பழுதுபார்த்து 2024இல் திறந்த தச்சர்களுக்கும் ஒரு கும்பிடு. புதுசு மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. வருஷா வருஷம் வெள்ளத்தில் நிற்கிற மரத்துக்கு அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை.

போலந்துக் கட்டடக் கலைஞர் கசிமிர் க்வியாத்கோவ்ஸ்கிக்கு நேரில் நன்றி சொல்ல வழியில்லை, 1997இல் காலமாகிவிட்டார். பக்கத்து மி சன்னின் பழங்காலச் சிவன் கோயில்களுக்காக வந்தவர், இந்த ஊரையும் காப்பாற்றச் சொல்லி வாதாடினார். 1999இல் இரண்டுமே உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. அவர் சிலைக்கு அம்மா பூ வைத்தார்.

பெரியம்மா, நீங்கள் கேட்ட காபித்தூள் தபாலில் வருகிறது. சிக்கரி கலக்காதது.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு குடும்பம்