மாவட்ட எச்.ஐ.வி உள்ளோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை (2024–25)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி எச்.ஐ.வி மாத்திரை விடுபடுவதைப் பற்றியது.

வீட்டுச் சந்திப்புப் படிவத்தில் ‘மாத்திரை விட்ட காரணம்’ என்ற கட்டம் ‘மறதி’, ‘வெளியூர்’ என்றே நிரம்புகிறது. கேட்பவர் மனம் நோகாமல் சொல்லக்கூடிய பதில்கள் அவை. ஆகவே களப்பணியாளர்கள் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினார்கள்: “இந்த நோய் எத்தனை நாளைக்கு இருக்கும்னு நினைக்கிறீங்க? மாத்திரை உள்ள போய் என்ன செய்யுது?” நோய்க்கு என்ன காரணம், எவ்வளவு காலம் இருக்கும், என்ன செய்யும், எதற்குக் கட்டுப்படும் என்று ஒருவர் நினைப்பதை வைத்தே அவர் மருந்தை எடுப்பதும் விடுவதும் அமைகிறது என்பது உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலின் கருத்து. கேள்விகள் அதிலிருந்து எடுத்தவை. மதிப்பெண் போடுவதில்லை, பேச்சு வந்தால் போதும்.

முதலில் வருவது ‘தேறிட்டேன்’ என்ற எண்ணம். எடை கூடி, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) ஏறியதும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கிறது. சில அணுக்களுக்குள் உறங்கும் வைரஸைத் தொடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே அது ரத்தத்தில் திரும்பிவிடும். சிடி4 350க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி, 250க்குக் கீழே போனதும் மீண்டும் தொடங்கும் முறையைச் சோதித்த ‘ஸ்மார்ட்’ ஆய்வில் நோயும் மரணமும் கூடியதால், 2006இல் அம்முறை கைவிடப்பட்டது. ‘இதுவும் சுகர் மாதிரிதான்’ என்று ஆறுதல் சொல்வதை நம் தொண்டர்கள் தவிர்ப்பது நல்லது. சுகர் குறைந்திருக்கிறது என்று தாங்களாகவே மாத்திரையை விடுபவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அந்தப் பழக்கமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

அடுத்தது ‘மாத்திரை சூடு’. வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது, வெறும் வயிறு என்றால் அன்றைக்கு விட்டுவிடுவது எல்லாம் இதில் சேரும். இப்போது பெரும்பாலோர் எடுப்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். நோன்பு வைப்பவர்கள் சஹரிலோ இஃப்தாரிலோ போட்டுக்கொள்ளலாம். சூட்டைத் தணிக்க மாத்திரையோடு வயிற்றெரிச்சல் சிரப் குடிப்பதுதான் பெரிய தொல்லை. அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்வதால் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. டப்பாவை எண்ணினால் கணக்கு நூற்றுக்கு நூறு. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு மட்டும் இறங்காது. சிரப் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ மாத்திரை போட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். உணவோடு என்றால் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் இதோடு சேர்த்தே போடலாம்.

‘குடிச்ச அன்னைக்கு மாத்திரை ஆகாது’ என்று விடுபவர்கள் குடியை விடுவதில்லை, மருந்தைத்தான் விடுகிறார்கள். குடியைக் குறைக்கச் சொல்வது வேறு பேச்சு. அன்றைய மாத்திரை அன்றைக்கே உள்ளே போக வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் 12 மணி நேரம் கழித்துக் கூடுதலாக ஒரு டோலுடெக்ராவிர் 50 போட வேண்டும். ‘அதான் ஒண்ணு போட்டாச்சே’ என்று அந்த இரண்டாவதுதான் விடுபடுகிறது.

மறைப்பது தனிக் கதை. டப்பா கிலுங்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிந்துவிட்டுப் பஞ்சு திணிப்பது, லேபிளை உரிப்பது, மாத்திரையைக் காகிதத்தில் மடிப்பது என்று பல வழிகள். ஓரிரு நாளுக்கானதை மட்டும் சிறு டப்பியில் எடுத்துக்கொண்டு மீதியைப் பொட்டலத்தோடு இறுக மூடி வையுங்கள். மண்டை ஓட்டுப் படம் போட்ட பழைய எய்ட்ஸ் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இந்த அச்சம் ஆழமாக இருக்கிறது. தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து வரும் முன்பே நோய் தெரிந்தவர்களுக்கு எச்.ஐ.வி என்றால் இன்றும் மரணம்தான். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு வழியாக இணைக்குப் பரவாது என்று இவர்களிடம் சொன்னால், சில முகங்கள் அப்போதுதான் நிமிர்கின்றன.

‘முற்றிலும் குணம்’ என்ற விளம்பரத் துண்டறிக்கைகள் குறித்து: மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யின்படி எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் உரிமை கோரக் கூடாது. துண்டறிக்கை கிடைத்தால் அலுவலகத்தில் கொடுங்கள்.

கணக்கு பார்க்கும் முறை: 30 மாத்திரை வாங்கி 28ஆம் நாள் டோஸும் போட்ட பின் 2 மீதி இருக்க வேண்டும். 5 இருந்தால் 28க்கு 25, அதாவது 89 சதவீதம். 95க்குக் கீழே வந்தாலே பேச வேண்டும், திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை மீதியைக் கொட்டிவிட்டு வருவார்கள்.

வீட்டுச் சந்திப்புப் படிவத்தில் ‘மாத்திரை விட்ட காரணம்’ கட்டத்தை எடுத்துவிட்டு ‘என்ன நினைத்து மாத்திரையை விட்டீர்கள்?’ என்று வெற்றுவரிகள் சேர்த்த திருத்திய படிவம் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது. எச்.ஐ.வி மருந்து தரும் ஏ.ஆர்.டி மையத்துக்குப் போகும்போது வேறு எந்த மாத்திரை, சிரப், லேகியம் எடுத்தாலும் அதையும் பையில் கொண்டுபோகுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்