ஏழூர் நடந்துட்டு வந்து அப்பா எழுதறது

பாப்பா,

ஃபோன் பண்ணா மீட்டிங்ல இருக்கேம்ப்பான்னு வெச்சுடறே, அதான் டைப் பண்ணியே அனுப்பறேன். ஒரே மூச்சுல படிக்கணும்னு இல்ல, சாப்பிடறப்ப கொஞ்சம் கொஞ்சமா படி. நேரத்துக்கு சாப்பிடறியா முதல்ல? தண்ணி நிறைய குடி. போன தடவ வீடியோ கால்ல பாத்தப்ப உதடெல்லாம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு, அம்மா கவனிக்கல, நான் கவனிச்சேன்.

நேத்து நானும் கோவிந்து மாமாவும் நம்ம திருவையாறோட சேந்த ஏழு சிவன் கோயில் ஊரு இருக்கே, அந்த ஏழூரும் நடந்து சுத்திட்டு வந்தோம். பல்லக்கு இல்ல, கூட்டம் இல்ல, சும்மா நாங்க ரெண்டு பேரு மட்டும். அம்மா வேணவே வேணாம்னா, சுகர் இருக்கு முட்டி இருக்குன்னு லிஸ்ட் போட்டா. டாக்டர்தானே நடக்கச் சொன்னார்னேன். டாக்டர் சொன்னது வீட்டு வாசல்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும், இது சுத்தி வந்தா இருபது கிலோமீட்டர் பக்கம் வரும், அது அவளுக்கும் தெரியும். ஆனா வீட்ல உக்காந்திருந்தா நான் ஃபோனையே பாத்துகிட்டு இருக்கேன்னு அவதான் திட்டறா, அப்ப போயிட்டாவது வாங்கன்னு புளிச்சோறு கட்டிக் குடுத்துட்டா.

விடியறதுக்கு முன்னாடி புஷ்ய மண்டபத்துறையில இறங்கி கால நனைக்கலாம்னு பாத்தா நனைக்கறதுக்கு எங்க தண்ணி, ஜனவரி 28ல மேட்டூர் டேம மூடினா அப்பறம் நமக்கு மணல்தான். கும்பகோணம் ரோட்ட விட்டுட்டு உள்பாதையிலயே போனோம். ஒரு பக்கம் வாழ, ஒரு பக்கம் கொடிக்கா, வெத்தல கிள்றதுக்கு அந்த நேரத்துக்கே பொம்பளைங்க ஏணிய தூக்கிட்டு வந்துட்டாங்க. சித்திரையில பல்லக்கோட போறப்ப இந்த வழி தூசியும் பந்தலும் நீர்மோருமா இருக்கும், உன்னை தோள்ல தூக்கிட்டு போவேன், நீ என் முடிய புடிச்சுகிட்டு ஊர் பேரு சொல்லிட்டே வருவே, ஐயாறு, பழனம், சோத்துத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம்னு. எல்கேஜி கூட போவல அப்ப. ஏழையும் மாத்தாம சொல்றா பாருங்கன்னு தாத்தா ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சார். நேத்து அந்த மாதிரி ஒரு சத்தமும் இல்ல, ரெட்டவால் குருவிதான் கரண்டு கம்பியில உக்காந்துகிட்டு கத்துச்சு.

திருப்பழனத்துல சன்னதி இன்னும் திறக்கல. ஆபத்சகாயருக்கு வெளியிலேர்ந்தே ஒரு கும்பிடு. அங்கேர்ந்து திங்களூர் கிட்டதான், போயிட்டு வருவோமான்னு மாமா கேட்டார், வேணாம்னுட்டேன். அப்பூதியார் வீட்டு கதை ஞாபகம் இருக்குல்ல உனக்கு, தாத்தா சொல்லும்போது நீ அழுவே. அப்பருக்கு இல போடணும்னு வாழக்குருத்து அரியப் போன பையன பாம்பு கடிச்சுடுச்சு. பெத்தவங்க ரெண்டு பேரும் அவனை பாயில சுருட்டி மறைச்சு வெச்சுட்டு, வந்தவர் சாப்பிடாம போயிடக் கூடாதுன்னு சிரிச்ச முகமா இல போடறாங்க. அப்பர் எல்லாருக்கும் திருநீறு குடுக்கறப்ப பெரியவன் எங்கன்னு கேட்டுட்டார். எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் இப்ப தொண்ட அடைக்குது பாப்பா, முன்னாடி அப்படி இல்ல. வீட்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா மத்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மறைக்கறது நம்ம பக்கம் ரொம்ப காலமா இருக்கு போல. மாமா ஏன் பேசாம வரீங்கன்னாரு. வெயில் வந்துடுச்சுன்னேன், அப்ப சூரியனே சரியா ஏறல.

ஆத்த கடந்தது சோத்துத்துறைக்கு. நாணல் மண்டிக் கெடக்கு, அதுக்கு நடுவுல சீமைக் கருவேலம் வேற. மணல் அள்ளுன பள்ளத்துல மாமா கால் புதைஞ்சு செருப்பு வார் அறுந்துடுச்சு, பின்ன ஒரு சணலக் கட்டிகிட்டு இழுத்துகிட்டே வந்தார், வழியெல்லாம் அந்த செருப்ப திட்டறதுதான் அவருக்கு வேல. நீ நல்ல செருப்பா வாங்கிப் போடு, ஹீல்ஸ் வேணாம். சோத்துத்துறையில குளத்து பக்கம் உக்காந்து புளிச்சோத்த பிரிச்சோம். பஞ்சத்துல அருளாளருக்கு அள்ள அள்ள குறையாத பாத்திரம் கெடச்ச ஊரு, அங்க போய் எம்பொண்ணு வேளைக்கு சாப்பிடணும்னு வேண்டிக்கோங்கன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சா. வேண்டிகிட்டேன். ஆனா நீ தட்டுல கொஞ்சமாவது போட்டுக்கணும்ல, சாமி வந்து ஊட்டாது.

சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது, அரிசி மூட்டை பார்சல் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, வந்துடுச்சா? ஆபீஸ் அட்ரஸ் குடுத்திருந்தே. அம்மா கேட்டா, ஏங்க அம்பது கிலோ மூட்டைய ஆபீஸ்ல எப்படிங்க வாங்குவா, அங்கேர்ந்து வீட்டுக்கு எப்படி தூக்கிட்டு போவான்னு. அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி மாறிட்டாங்களாம், பார்சல் வாங்கறதில்லயாம்னு நானே சொல்லிட்டேன். ஆபீஸ்தான் வசதின்னா அங்கயே அனுப்பறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ வேணும்னா பத்து பத்து கிலோவா கட்டி அனுப்பறேன், ஒரு ஆளு தூக்கற மாதிரி.

சோத்துத்துறையிலேர்ந்து வேதிகுடி போற வழி இருக்கே, அதுக்காகவே நடக்கலாம். வண்டி அவ்வளவா வராத ரோடு. ரெண்டு பக்கமும் சம்பா அறுத்த வயல்ல உளுந்து பச்சையா மூடிக் கெடக்கு, அறுப்புக்கு முன்னாடி ஈரத்துல தூவி விட்டது, தானா மொளச்சு நிக்குது. மெஷின் வெச்சு வைக்கோல உருட்டி உருட்டி வெச்சிருக்காங்க, அந்தக் காலத்துப் போரெல்லாம் இப்ப எங்க. பாதி தார் ரோட்டுல நெல்லு காயுது. கொள்முதல்ல ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாதே, அதான் ஆளாளுக்கு ரோட்டப் புடிச்சிட்டாங்க. ஓரமா போயிட்டிருந்த எங்கள பாத்து ஒரு ஆத்தா, நெல்ல மிதிக்காம போங்கப்பான்னு சத்தம் போட்டுச்சு, அப்பறம் அதுவே கூப்பிட்டு சொம்புல தண்ணி குடுத்துச்சு. எந்த ஊருன்னு கேட்டுச்சு. பொண்ணு இருக்கான்னு கேட்டுச்சு. மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்கே சம்பளம் போடறா எம்பொண்ணுன்னேன். மாப்புள்ளன்னு கேட்டுச்சு. அவரும் அங்கதான்னேன்.

வழியில ஒரு மதகு. கைய வெக்காம வர முடியல, முப்பத்தஞ்சு வருஷ பழக்கம். ஷட்டர் திருகுல கிரீஸ் காஞ்சு கட்டியா போயி மேல சிலந்தி கூடு கட்டியிருக்கு, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்துல ஒரு கம்பிய வளச்சு சொருகி வெச்சிருக்காங்க. கொஞ்சம் அசைச்சுப் பாத்தேன், நவுரல. ஜூன் 12 தண்ணி திறந்தா இத எப்படி ஏத்துவாங்கன்னு எனக்குள்ள ஒரே கவல, ரிடையர் ஆனவனுக்கு எதுக்குன்னு மாமா சிரிக்கிறார். தென்பெரம்பூர் ஹெட்ல, ஆத்து தண்ணிய பிரிச்சு விடற மதகுல, நைட் டூட்டி பாத்தப்ப எங்க ஓவர்சியர் சொல்லுவார், தண்ணி ஏறி அழுத்தின பிறகு ஷட்டரத் தொடாத, அழுத்தறதுக்கு முன்னாடி லேசா தூக்கி விட்டுடு, கொஞ்சம் கொஞ்சமா போயிடும்னு. மூடியே வெச்சிருந்தா கரைய உடைச்சுகிட்டுதான் போவும். நீயும் எதையும் உள்ளயே வெச்சுக்காதம்மா. ஆபீஸ் வேலையத்தான் சொல்றேன், டென்ஷன் ஜாஸ்தின்னு சொன்னியே.

வேதிகுடியிலதான் கொஞ்ச நேரம் ஜாஸ்தி ஆயிடுச்சு. கல்யாணம் தள்ளிப் போறவங்க வந்து மால வாங்கிட்டுப் போற கோயில், உன் ஜாதகத்த எடுத்துகிட்டு நானும் அம்மாவும் வந்தப்ப மழை கொட்டுச்சே, சைக்கிள்காரர் ஒருத்தர் குடை குடுத்தாரே, அதே கோயில். நேத்தும் ஒரு குடும்பம் வந்திருந்தாங்க, பொண்ணு கையில மாலய வெச்சுகிட்டு ஃபோன்ல சிரிச்சு பேசிட்டு நிக்குது, அப்பாக்காரர் குருக்கள் பின்னாடியே ஓடறார். குருக்கள் என்ன அடையாளம் கண்டுகிட்டு, பொண்ணு பேருக்கு அர்ச்சனையா, மாப்பிள்ள நட்சத்திரமும் சேத்து சொல்லுங்கோன்னார். தட்ட கையில வெச்சுகிட்டு ரெண்டு நிமிஷம் நின்னேன். அப்பறம் உன் பேருக்கு மட்டும் பண்ணுங்கன்னுட்டேன். அவர் ஒண்ணும் கேக்கல. மாமா தூணு பக்கம் நின்னு வேற எங்கயோ பாத்துகிட்டு இருந்தார்.

வெளிய வந்து மாமா பேசிகிட்டே வந்தார், நந்திக்கு கல்யாணம்னா ஏழூரும் சேந்து நடத்தி வெச்சுது பாருங்க, பழனத்துலேர்ந்து பழம், சோத்துத்துறை சாப்பாடு, வேதிகுடி வேதியர், கண்டியூர் நகை, பூந்துருத்தி பூவு, நெய்த்தானத்து நெய்யி, இப்ப யாரு அப்படி வராங்கன்னு. ஏன் வராம, உன் கல்யாணத்துக்கு வந்தாங்களே. பந்தல் போட்டவன் காசு வாங்கல, அசோகா போட்ட மாஸ்டர் நைட்டெல்லாம் கிண்டினார். எனக்கு என்ன தோணுச்சுன்னா, கல்யாணம் முடிஞ்சப்பறமும் ஐயாறப்பர் புள்ளையா நினைக்கற நந்தியையும் மருமகளையும் அனுப்பிட்டு சும்மா இருக்கல, கூடவே கண்ணாடிப் பல்லக்குல ஏறி ஊரு ஊரா போறாருல்ல, வருஷா வருஷம் போறாரு. நம்மகிட்ட மறுவீடு முடிஞ்சா அவ்வளவுதான்னு யாரு சொன்னாங்க. சரி விடு, எதையோ பேசறேன்.

தண்ணி குடிச்சியா?

கண்டியூர்ல மெயின் ரோடு ஏறுனதும் பஸ்ஸும் லாரியும் காது கிழியுது, மாமா செருப்ப காமிச்சு நான் இங்கேர்ந்து பஸ்ல போயிடறேன்னுட்டார். நீங்களும் வாங்கன்னார். முட்டி வலிக்கத்தான் செஞ்சுது, அம்மாகிட்ட சொல்லிடாத. இருந்தாலும் தனியா பூந்துருத்தி வழிய புடிச்சேன். தனியா நடக்கறது கஷ்டமாவே இல்ல பாப்பா, சொல்லப் போனா பாதி தூரம் நல்லாதான் இருந்துச்சு. யாருக்காகவும் வேகமா போவ வேணாம், மரத்தடியில உக்காரணும்னா உக்காரலாம். பயமும் இல்ல. இருட்டிடுச்சுன்னாதான் கொஞ்சம் பாத்து வரணும். நீயும் நைட்டு லேட் ஆச்சுன்னா ஆபீஸ் கேப்ல வா, ஆட்டோ வேணாம், எங்க எறங்கறியோ அந்த எடத்துலேர்ந்து எனக்கு ஒரு மெசேஜ் போடு. எந்த எடம்னு கூட போட வேணாம், வந்துட்டேன்னு போடு போதும். நீல டிக் மட்டும் விழுந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது. அத்தன பேருக்கு பதில் சொல்ற வேலையில இருக்கே, அப்பனுக்கு ஒரு வார்த்த டைப் பண்ண கை வலிக்குதா?

கோவத்துல சொல்லல.

பூந்துருத்தியில கொஞ்சம் படுத்தே எந்திரிச்சேன், மண்டபத்துல கல்லு ஜில்லுன்னு இருந்துச்சு. அப்பறம் மணல்ல எறங்கி ஏறி தில்லைஸ்தானம், அதான் நெய்த்தானம், அதுல சொல்ல ஒண்ணும் இல்ல, கால இழுத்துகிட்டு வந்ததுதான். வீட்டுக்கு வந்தப்ப விளக்கு வெச்சிருந்தாங்க. அம்மா வெந்நீர்ல உப்பு போட்டு வெச்சிருந்தா, திட்டிகிட்டே கால புடிச்சு விட்டா, என்ன வேண்டிகிட்டீங்கன்னு மட்டும் கேட்டா. மழைன்னேன். மாசியில யாராவது மழ வேண்டுவாங்களான்னு கேட்டுட்டு அவ பாட்டுக்கு உள்ள போயிட்டா. அவளுக்கும் தெரியும்னு நினைக்கறேன். பொங்கலுக்கு நீ வராதப்பவே உன் ரூம்ல மாப்பிள்ளைக்குன்னு வாங்கின மேஜைய எடுத்து மாடியில போட்டுட்டா, கேட்டா ரூம் அடையுதுன்னா. ஃபேன் மாத்தியாச்சு, சத்தமே இல்ல. ஜன்னல் பக்கம் ப்ளக் பாயிண்ட் ஒண்ணு போடச் சொன்னேன், வீட்லேர்ந்தே வேல பாக்கற ஆளுங்களுக்கு வேணுமாமே. நெட்டுக்கும் பக்கத்து தெரு தம்பிகிட்ட விசாரிச்சிருக்கேன்.

பங்குனி புனர்பூசத்துக்கு திருமழபாடியில நந்தி கல்யாணம், அதுக்கு முடியலன்னா சித்திரை விசாகத்த ஒட்டி ஏழூர் பல்லக்கு, கடைசியில பொம்ம சாமிக்கு பூப்போடறத பாக்க நீ அவ்வளவு அடம் புடிப்பே. எதுக்கு வேணா வா. ரெண்டுக்கும் இல்லாம நடுவுல ஒரு நாள் வந்தாலும் வா, திருவிழா இருந்தாத்தான் வரணும்னு இல்ல. உழவன் எக்ஸ்பிரஸ்ல ஒரு டிக்கெட் போட்டாலும் சரி ரெண்டு போட்டாலும் சரி, நான் ஸ்டேஷனுக்கு வந்துடறேன். யாராவது ஏதாவது கேட்டா நான் பாத்துக்கறேன், உங்க பெரியப்பா உள்பட.

பொட்டி ஜாஸ்தி இருந்தா மட்டும் முதல் நாளே சொல்லிடு, தஞ்சாவூர்லேர்ந்து டாட்டா ஏஸ் சொல்லி வெக்கணும்.

அப்பா