அப்பா நாற்றங்கால் விடுவதற்கு முன்

தஞ்சாவூர்,
ஆடி 28

அன்புள்ள குமரா,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? செல்வி அக்கா மகனுக்குப் பெயர் வைத்தாயிற்றா, இல்லை வாத்தியார் இன்னும் அகராதியைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா?

உன் கடிதம் நேற்று வந்தது. அதைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. பதினைந்து மா நிலத்திலும் இந்தச் சம்பாப் பட்டத்துக்குச் சிவப்பரிசி ரகமான மாப்பிள்ளை சம்பாதான் என்று அப்பாவிடம் மல்லுக்கு நிற்கிறாயாமே! நான் கொடுத்த புத்தகங்களைப் படித்து வந்த முடிவு என்றும் எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்பில் நான் சொன்ன ஒரு சொல்லையும் நம்பாதவன் நீ. இப்போது அச்சில் வந்ததையெல்லாம் நம்புகிறாய். அப்பா நாற்றங்கால் விடுவதற்குள் இதைப் படித்துவிடு.

அந்த ரகத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் கவலை களத்துக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. நாம் படித்த விவசாய நூல்களில் பாதி, கதிர் அடித்ததோடு முடிந்துவிடுகின்றன. மெஸ் அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மீதிக் கதை எனக்குத் தெரிந்தது.

இங்கே மாஸ்டர் அரிசி மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி, ஊதி, இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார். புது அரிசி என்றால் முகம் சுருங்கிவிடும். பதினொன்றரைக்கு வடித்த சோறு மூன்று மணிப் பந்தி வரைக்கும் உதிரியாக நிற்க வேண்டும். புது அரிசி அதற்குள் குழைந்துவிடும். பழைய அரிசி தண்ணீரும் கூடுதலாக வாங்கும், சோறும் அதிகம் காணும். சன்னமாக, வெள்ளையாக, பழையதாக: இந்த மூன்றும் இருந்தால்தான் மூட்டை உள்ளே வரும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பொன்னியும், ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204-உம் விடாமல் வருகின்றன. இட்லிக்கு ஆடுதுறை 37, அதுதான் நம் ஊர் குண்டு நெல். என்ன ரகம் என்று சாப்பிட வருகிறவர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சோறு கொஞ்சம் பழுப்பாக இருந்தால் மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள்.

நூலகத்தில் படித்ததோடு இதைச் சேர்த்துப் பார். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1966-இல் ஐ.ஆர். 8 என்ற நெல் ரகம் வந்தது. குட்டைப் பயிர், சாயாது, உரத்தைத் தாங்கி அள்ளிக் கொடுத்தது. ஆனால் மணியில் சுண்ணாம்பு போல வெள்ளை பாய்ந்திருக்கும், சோறு ஆறினால் விறைத்துவிடும். அதே நிலையத்தில் உருவாகி 1985-இல் வெளிவந்த ஐ.ஆர். 64 விளைச்சலோடு சுவையையும் கொடுத்தது; நாடு நாடாகப் பரவியது. விஞ்ஞானிகளுக்கே பானையிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டியிருந்தது, குமரா!

பாரம்பரிய ரகங்களிலும் இதே கதைதான். சீரகச் சம்பாவைப் பிரியாணிக்காரர்கள் ஒரு நாளும் கைவிடவில்லை. அந்த வாசனைக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள், அது வயலில் நின்றது. எத்தனையோ ரகங்களுக்கு அப்படி ஓர் அடுப்பு இல்லாமல் போயிற்று. திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 174 ரகங்களை மீட்டார் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது. இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கினார். விதை அப்படித்தான் ஊர் ஊராகப் போனது. அவர் மீட்டதைத் தின்கிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அதை நாம் சரியாகச் செய்யவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அதனால் அப்பா கேட்கும் கேள்வியைத் தட்டிவிடாதே. "அறுத்து வந்தால் யார் வாங்குவார்?" அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு விலைதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். மாப்பிள்ளை சம்பா என்று தனி விலை கிடையாது. பதினைந்து மா நெல்லைக் களத்தில் குவித்து வைத்துக்கொண்டு, தை மாதத்தில் வாங்குவாரைத் தேடி அப்பாவை அலையவிடாதே. செல்வி அக்கா கல்யாணக் கடன் இன்னும் பாக்கி இருப்பது எனக்கும் தெரியும்.

என் யோசனை இதுதான். பன்னிரண்டு மாவில் அப்பா விருப்பப்படி சாவித்திரி நெல்லே போகட்டும். மூன்று மாவில் பாரம்பரிய ரகமான தூயமல்லி போடு. வெள்ளை அரிசி, சன்னம்; பந்தியில் பொன்னிக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை சம்பாவுக்கு முதலில் கஞ்சிக்கும் அவலுக்கும் வாங்குகிற ஆளைப் பிடிப்போம், அடுத்த வருடச் சம்பாவில் போடலாம். நூறு கிலோ நெல்லை ஆலையில் புழுங்கலாக்கினால் அறுபத்தெட்டு கிலோ அரிசி வரும் என்பது அரசுக் கணக்கு. நம் ஊர் மில்லில் அவ்வளவு வருமா என்று மில்காரரிடம் கேட்டு எழுது. அதை வைத்துத்தான் மாஸ்டரிடம் விலை பேச முடியும்.

போன வருடத்துத் தூயமல்லி உன் மாமா வீட்டில் இருக்கிறதல்லவா? ஒரு மரக்கால் புழுக்கி அரைத்து, வியாழக்கிழமை மன்னார்குடி பஸ்ஸில் பாலுவிடம் கொடுத்தனுப்பு. வெள்ளிக்கிழமை வடித்துப் பார்ப்பதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். தவிட்டை முழுக்கத் தீட்டிவிட வேண்டாம் என்று மில்லில் சொல்லிவிடு.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு.

உன்,
மாறன்